உலக சாம்பியன் என்று சொல்ல யாருக்கு உரிமை?



நூறு ஆண்டுக்கு மேலாகத் தீர்ப்பு வராமல் கிடக்கும் ஒரு வழக்கைப் பற்றி இன்று பேசப் போகிறேன். எந்த நீதிமன்றத்திலும் இல்லாத வழக்கு. அமெரிக்க விளையாட்டு ரசிகர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொண்டிருக்கும் வழக்கு. ஒரு நாட்டுக்குள் நடக்கும் லீக்கில் வென்ற அணி, தன்னை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்ளலாமா? இதுதான் கேள்வி. அமெரிக்கர்களில் ஒரு சாரார் தாராளமாகச் சொல்லலாம் என்கிறார்கள். மறுசாரார், அது நமக்கு அழகில்லை என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நெஞ்சார விளையாட்டை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வழக்கை நான் மதிக்கிறேன்.

2023 ஆகஸ்ட் மாதம். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் உலகத் தடகள சாம்பியன்ஷிப். நோவா லைல்ஸ் என்ற அமெரிக்க ஓட்டக்காரர் 100 மீட்டரில் தங்கம், 200 மீட்டரில் தங்கம், தொடர் ஓட்டத்திலும் தங்கம் என்று மூன்றை அள்ளினார். அந்த நாள்களில் செய்தியாளர்கள் நடுவே அவர் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிப் போட்டியில் ஜெயித்தவர்கள் உலக சாம்பியன் என்று தொப்பி மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் தனக்கு வலிக்கிறது என்றார். எந்த உலகத்துக்குச் சாம்பியன், அமெரிக்காவுக்கா என்று கேட்டார். இங்கே ஒவ்வொரு நாடும் தன் கொடியோடு வந்து நிற்கிறது, என்.பி.ஏ.வில் கொடி எங்கே என்றும் கேட்டார்.

அவ்வளவுதான்! கெவின் டியூரண்ட், டெவின் புக்கர் போன்ற பெரிய கூடைப்பந்து வீரர்களே அவரை நையாண்டி செய்தார்கள். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாட்டைக் காட்டிக்கொடுத்தான் என்றது ஒரு கூட்டம். உள்ளதைச் சொன்னான் என்றது இன்னொரு கூட்டம்.

லைல்ஸை எதிர்த்தவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். உலகிலேயே சிறந்த கூடைப்பந்து வீரர்கள் எங்கே ஆடுகிறார்கள்? என்.பி.ஏ.வில். கிரீஸிலிருந்து யானிஸ், செர்பியாவிலிருந்து யோகிச், கேமரூனில் பிறந்த எம்பீட், கனடாவிலிருந்து கில்ஜியஸ் அலெக்சாண்டர். 2019 முதல் 2025 வரை அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர்கள் இந்த நால்வர்தான். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் கடைசியாக அதை வாங்கியது 2018-இல். உலகமே இங்கே வந்து ஆடும்போது, இங்கே ஜெயிப்பவன் உலக சாம்பியன் இல்லாமல் வேறு யார்?

இது லேசான வாதமல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யோகிச் டென்வர் அணிக்காகக் கோப்பை வாங்கினார். அது டென்வர் நகரத்தின் கோப்பை, செர்பியாவின் கோப்பை அல்ல. உலகத்துத் திறமையை விலை கொடுத்து ஓரிடத்தில் சேர்ப்பது பெரிய காரியம்தான். அப்படிச் சேர்த்த லீக்கை உலகின் சிறந்த லீக் என்று சொல்லுங்கள், முழு மனதோடு நானும் சொல்கிறேன். ஆனால் உலக சாம்பியன் பட்டத்துக்கு வேறொரு விலை இருக்கிறது. உலகம் தன் சொந்தச் சட்டையோடு எதிரே வந்து நிற்க வேண்டும். நீ அதனிடம் தோற்றுப்போகும் வாய்ப்பு இருக்க வேண்டும். தோற்கும் வாய்ப்பே இல்லாத இடத்தில் பட்டம் ஏது?

லைல்ஸ் பேசிய மறுமாதமே இந்த வழக்கில் ஒரு சாட்சி வந்து நின்றது. பிலிப்பைன்ஸின் மணிலாவில் கூடைப்பந்து உலகக் கோப்பை. அமெரிக்க அணியில் அத்தனை பேரும் என்.பி.ஏ. வீரர்கள். லெப்ரான், கரி போன்ற மூத்தவர்கள் வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்த அணியில் ஆண்டனி எட்வர்ட்ஸ் இருந்தார், ஜேலன் பிரன்சன் இருந்தார். லிதுவேனியா அவர்களை 110-104 என்று தோற்கடித்தது. அரையிறுதியில் ஜெர்மனி 113-111 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்த ஆண்ட்ரியாஸ் ஓப்ஸ்ட் என்.பி.ஏ. வீரர் அல்ல, ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணிக்கு ஆடுகிறவர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கனடாவிடமும் தோற்று அமெரிக்கா நான்காவதாக வந்தது. இறுதிப் போட்டியில் ஆடியவர்கள் யார்? ஜெர்மனியும் செர்பியாவும். 83-77 என்று ஜெர்மனி வென்றது. அன்றைக்கு உலக சாம்பியன் யார் என்று கேட்டால், தொப்பியைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இந்தப் பட்டத்தின் பிறந்த கதைக்குப் போவோம், நண்பர்களே. அது பேஸ்பாலில் தொடங்குகிறது.

1884-இல் பிராவிடன்ஸ் நகரத்து அணியும் நியூயார்க் அணி ஒன்றும் மூன்று ஆட்டங்கள் ஆடின. வென்ற பிராவிடன்ஸை உலக சாம்பியன் என்று பத்திரிகைகள் எழுதின. 1903-இல் இரண்டு பெரிய லீக்குகளின் சாம்பியன்களான பாஸ்டன் அணியும் பிட்ஸ்பர்க் அணியும் மோதின. பாஸ்டன் ஐந்துக்கு மூன்று என்று வென்றது. வேர்ல்டு சீரிஸ் என்று இன்றைக்கும் ஆண்டுதோறும் நடக்கிறதே, அதன் முதல் தொடர் அதுதான். நியூயார்க் வேர்ல்டு என்ற பத்திரிகை நடத்தியதால் வந்த பெயர் என்று ஒரு கதை உலவுகிறது, அதில் உண்மை இல்லை. பூமிப்பந்து என்ற பொருளில்தான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

மறுவருடம் 1904-இல் என்ன நடந்தது தெரியுமா? நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி தன் லீக்கை வென்றது. எதிர் லீக்கின் சாம்பியனோடு ஆட அழைத்தார்கள். வரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அந்த லீக் எங்களுக்குச் சமமானதல்ல, எங்கள் பட்டம் எங்களுக்குப் போதும் என்றார்கள். அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸே நடக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரனோடு ஆட மறுத்தவன், உலகத்தோடு எப்போது ஆடுவான்?

ஆனால் அந்த நாளிலும் உலகத்தைத் தேடிப் போனவர்கள் உண்டு. ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்ற சிகாகோ விளையாட்டுப் பொருள் வியாபாரி 1888-இல் இரண்டு பேஸ்பால் அணிகளைக் கப்பலேற்றி உலகைச் சுற்றக் கிளம்பினார். ஆஸ்திரேலியாவில் ஆடினார்கள். நம் பக்கத்துக் கொழும்பில் இறங்கி ஆடினார்கள். எகிப்தின் பிரமிடுகளுக்கு அருகே மணலில் ஆடினார்கள். ஆனால் ஆடியது யார் யாரோடு? அமெரிக்கர்கள் அமெரிக்கர்களோடு. உலகம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

சரி, வெளியே இருந்த உலகத்தை விடுங்கள். உள்ளே இருந்த உலகத்தையாவது ஆட விட்டார்களா? என் நெஞ்சை அதிகம் அறுக்கும் இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1924 அக்டோபர். வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியும் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியும் வேர்ல்டு சீரிஸ் ஆடின. ஜனாதிபதி கூலிட்ஜே வந்து அமர்ந்து பார்த்தார். 10-ஆம் தேதி, ஏழாவது ஆட்டம் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை நீண்டு, வாஷிங்டன் உலக சாம்பியன் ஆனது. நாடே கொண்டாடியது.

அதே அக்டோபர். அதே நாடு. அதே ஆட்டம். கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியும் பிலடெல்பியா பக்கத்து ஹில்டேல் அணியும் இன்னொரு வேர்ல்டு சீரிஸ் ஆடிக்கொண்டிருந்தன. ஆடியவர்கள் அத்தனை பேரும் கறுப்பின வீரர்கள். பெரிய லீக்குகளில் அவர்களுக்கு இடமில்லை. சட்டப் புத்தகத்தில் எழுதாத தடை, ஆனால் ஒருவராலும் மீற முடியாத தடை. அவர்கள் தங்களுக்கென்று லீக் அமைத்தார்கள், தங்களுக்கென்று உலகத் தொடர் அமைத்தார்கள். பத்து ஆட்டங்கள் நடந்தன. ஒன்று சமனில் முடிந்தது. மீதி ஒன்பதில் ஐந்துக்கு நான்கு என்று மோனார்க்ஸ் வென்றது. கடைசி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பந்து வீசி 5-0 என்று முடித்தவர் ஹோசே மெந்தெஸ். அணியின் நிர்வாகியும் அவரே. கியூபா நாட்டுக்காரர். வயது நாற்பதை நெருங்கியவர்.

இந்த மெந்தெஸ் யார்? 1908-இல் சின்சினாட்டி ரெட்ஸ் என்ற பெரிய லீக் அணி ஹவானாவுக்கு ஆடப் போனது. அங்கே இளைஞராக இருந்த மெந்தெஸ் அந்த அணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் அடக்கினார். ஆட்டம் முழுக்க ஒரே ஒரு ஹிட்தான் விட்டுக்கொடுத்தார். பெரிய லீக் வீரர்களை நேருக்கு நேர் வென்றவர் அவர். அந்தக் கையைப் பெரிய லீக்குகளின் வேர்ல்டு சீரிஸில் பந்து வீச ஒரு நாளாவது விட்டார்களா? விடவில்லை. ஏன்? திறமை போதாதா? நிறம்தான் காரணம். 1928-இல் ஹவானாவில் இறந்தார். 2006-இல்தான் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அந்தத் தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் சட்டையோடு பெரிய லீக் களத்தில் இறங்கிய நாள் 1947 ஏப்ரல் 15. அதற்கு முன் உலக சாம்பியன் என்று கொண்டாடப்பட்ட ஒவ்வோர் அணியையும் எண்ணிப் பாருங்கள். உலகம் இருக்கட்டும், அமெரிக்காவையே முழுமையாக அவர்கள் சந்தித்தார்களா? தெருவுக்கு அந்தப் பக்கம், கறுப்பின லீக்குகளில், ஜோஷ் கிப்சன் இருந்தார். சாட்செல் பெய்ஜ் இருந்தார். 2024-இல் பேஸ்பால் நிர்வாகம் கறுப்பின லீக்குகளின் கணக்குகளையும் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தபோது, வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் பெரிய லீக் வீரர் டை காப்பைத் தாண்டி முதலிடத்துக்கு வந்த பெயர் ஜோஷ் கிப்சன். அவர் 1947 ஜனவரியில் இறந்தவர். ராபின்சன் களமிறங்கியதைக்கூடப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது கூடைப்பந்துக்கு வருவோம். இந்த ஆட்டத்துக்கும் நமக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு இதைத் தொடங்கினார். அவர் கனடாவில் பிறந்தவர். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் மதராஸுக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இந்த அவையில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் பலருக்கு அது தாய்வீடு. அமெரிக்கா தான் கண்ட ஆட்டத்தைப் பூட்டி வைக்கவில்லை, உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது. அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது.

கற்றுக்கொண்ட உலகம் திரும்பி வந்து எதிரே நின்றபோது என்ன ஆனது? 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், பேர்டு என்று கனவு அணி போய் எல்லோரையும் வாரிச் சுருட்டியது. அன்று முதல் பத்து ஆண்டுகள், என்.பி.ஏ. வீரர்களை வைத்து ஆடிய அமெரிக்க அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 2002-இல் உலகப் போட்டி இண்டியானாபோலிஸில் நடந்தது. சொந்த மண். அர்ஜென்டினா 87-80 என்று வென்றது. பிறகு யூகோஸ்லாவியா வென்றது. பிறகு ஸ்பெயின் வென்றது. சொந்த வீட்டில் ஆறாவது இடம்!

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இன்னும் கடுமை. முதல் ஆட்டத்திலேயே புவெர்ட்டோ ரிக்கோ 92-73 என்று வீழ்த்தியது. புவெர்ட்டோ ரிக்கோ மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் விளையாட்டில் தனிக் கொடி, தனி அணி. அவர்களின் கார்லோஸ் அர்ரோயோ 24 புள்ளி எடுத்தார். களத்தை விட்டு வெளியே வரும்போது, சட்டையில் இருந்த தன் தீவின் பெயரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். அவரும் என்.பி.ஏ. வீரர்தான். யூட்டா அணியின் சட்டையிலும் அவர் ஜெயித்திருக்கிறார். ஆனால் அந்தச் சட்டையை இப்படி யாராவது இழுத்துக் காட்டுவார்களா? லைல்ஸ் கொடி எங்கே என்று கேட்டது இதைத்தான்.

அந்தத் தோல்விகள்தான் அமெரிக்கக் கூடைப்பந்தைச் சீர்படுத்தின என்பது என் கருத்து. நட்சத்திரங்களைக் கடைசி நேரத்தில் கூட்டி அனுப்பினால் போதும் என்ற எண்ணம் ஒழிந்தது. ஜெரி கோலாஞ்சலோ பொறுப்பேற்றார், மைக் ஷெஷெவ்ஸ்கி பயிற்சியாளர் ஆனார். வருகிறவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து வர வேண்டும் என்றார்கள். 2006-இல் கிரீஸிடம் இன்னோர் அடி வாங்கினார்கள். 2008 பெய்ஜிங்கில் ஸ்பெயினை 118-107 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். 2024 பாரிஸில் செர்பியாவிடம் 17 புள்ளி பின்தங்கிக் கிடந்து, எழுந்து, 95-91 என்று அரையிறுதியைக் கடந்து, பிரான்ஸை வென்று மறுபடியும் தங்கம். அந்தப் பதினேழு புள்ளிப் பள்ளத்திலிருந்து ஏறி வந்ததில் இருக்கும் பெருமை, எத்தனை தொப்பி தைத்தாலும் வருமா?

பதக்கப் பட்டியல் பற்றியும் அமெரிக்க ரசிகர்கள் சண்டை போடுவார்கள். மொத்தப் பதக்கத்தை எண்ணுவதா, தங்கத்தை மட்டும் எண்ணுவதா என்று. அதில் நீண்ட நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாரிஸின் கடைசி ஆட்டத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். பெண்கள் கூடைப்பந்து இறுதி, அமெரிக்காவும் பிரான்ஸும். மணி ஒலிக்கும் கணத்தில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து வலைக்குள் விழுந்தது. அவர் கால் மூன்று புள்ளிக் கோட்டின் மேல் பட்டிருந்தது. அதனால் இரண்டு புள்ளிதான். 67-66. கால் கோட்டுக்கு வெளியே இருந்திருந்தால் ஆட்டம் சமன், கூடுதல் நேரம். அந்த ஒரு தங்கத்தால்தான் அமெரிக்கா சீனாவோடு 40-40 என்று சமமாக நின்றது. ஒரு நாட்டின் பட்டியல் பெருமை முழுவதும் ஒரு பெண்ணின் கால் நுனியில் நின்ற கணம் அது. அந்த கேபி வில்லியம்ஸும் அமெரிக்காவில் பிறந்தவரே.

பெண்களைச் சொன்னதும் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. யார் உலக சாம்பியன் என்று இத்தனை காலம் வாதாடுகிறவர்களே, எந்த வாதமும் தேவைப்படாத உலக சாம்பியன்கள் உங்கள் வீட்டிலேயே இருந்தார்களே, அவர்களை எப்படி வரவேற்றீர்கள்? 1991-இல் சீனாவின் குவாங்ஜோவில் முதல் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை. மிஷெல் ஏக்கர்ஸ் இரண்டு கோல் அடிக்க, நார்வேயை 2-1 என்று வென்றார்கள் அமெரிக்கப் பெண்கள். ஊர் திரும்பியபோது அவர்களை வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. பிறகு 1999, 2015, 2019 என்று மூன்று முறை வென்றார்கள். உலகம் வந்து நின்ற களத்தில், உலகத்தை வென்று, நான்கு முறை! ஆண்கள் அணிக்கு இணையான ஊதியம் கேட்டு அவர்கள் வழக்காடி, 2022-இல்தான் அது ஒப்பந்தமாக முடிந்தது.

பேஸ்பாலிலும் உலகம் வந்துவிட்டது. 2006-இல் நாடுகளுக்கிடையே பேஸ்பால் கிளாசிக் தொடங்கியது. 2023 வரை நடந்த ஐந்து தொடர்களில் ஜப்பான் மூன்று முறை வென்றது, அமெரிக்கா ஒரு முறை, டொமினிக்கன் குடியரசு ஒரு முறை. 2023 மார்ச்சில் மியாமியில் இறுதிப் போட்டி. ஆட்டத்துக்கு முன் ஷோஹெய் ஓதானி தன் ஜப்பானியத் தோழர்களிடம், எதிரே நிற்பவர்களை வியப்பதை இன்று ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள், வியந்துகொண்டிருந்தால் வெல்ல முடியாது என்று சொன்னார். ஒன்பதாவது இன்னிங்ஸ். 3-2 என்று ஜப்பான் முன்னிலை. இரண்டு பேர் அவுட். பந்து வீசுபவர் ஓதானி. மட்டையோடு நிற்பவர் மைக் ட்ரவுட், அமெரிக்க அணியின் தலைவர். இருவரும் அப்போது கலிஃபோர்னியாவில் ஒரே அணியில் ஆடுகிறவர்கள், ஒரே உடைமாற்றும் அறையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்; இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஓதானி வீசிய பந்து வெளிப்பக்கம் விலகி ஓடியது, ட்ரவுட்டின் மட்டை காற்றை வெட்டியது. லீக்கில் அந்த இருவரும் சேர்ந்து நூறு ஆட்டம் ஆடினாலும் இப்படி ஒரு கணம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. நாட்டுக்கு நாடு எதிரே நின்றதால் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. 1967 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில், கிரீன் பே அணி கான்சஸ் சிட்டி அணியை 35-10 என்று வென்றது. இன்றைக்கு நாம் முதல் சூப்பர் பௌல் என்று சொல்லும் அந்த ஆட்டத்துக்கு அப்போது வைத்த பெயரில் உலக சாம்பியன்ஷிப் என்பது இருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் அவர்களை எதிர்க்க வேறு யார் இருந்தார்கள்? அதே லாஸ் ஏஞ்சலிஸில் 2028 ஒலிம்பிக் நடக்கப் போகிறது. கிரிக்கெட்டும் பேஸ்பாலும் அதில் திரும்ப வருகின்றன. அவற்றோடு முதன்முறையாக ஃபிளாக் ஃபுட்பாலும் வருகிறது. எதிராளியை இடித்துத் தள்ளாமல் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடுங்கி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அது. தங்கள் வீரர்கள் அதில் ஆடலாம் என்று அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இன் அணி உரிமையாளர்கள் 2025-இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதே ஆட்டத்தில் 2022-இல், அலபாமா மாநிலம் பர்மிங்காமில், அமெரிக்க மண்ணிலேயே, பெண்கள் இறுதிப் போட்டியில் மெக்சிகோ அமெரிக்காவை 39-6 என்று வென்றிருக்கிறது. அந்த மெக்சிகோ பெண்கள் 2028-க்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பெண்களும்தான். மாணவ மாணவியரே, அந்த ஆட்டத்தைத் தவறாமல் பாருங்கள்.